லட்ச ரூபாய்த் திரை: புதுக்கோட்டை வீட்டுக்கு எது சரி?

பி.யு.சின்னப்பா புதுக்கோட்டையில் பிறந்தவர். அவர் நடித்து 1944-ல் வந்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில் ஒரு கச்சேரிக் காட்சி உண்டு. பாடுகிறவரும் அவர்தான், வாத்தியங்களோடு சுற்றி உட்கார்ந்திருப்பவர்களும் அவர்தான். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் என்ற பேச்சே இல்லாத நாளில், ஒரே சட்டகத்துக்குள் ஒரே நடிகரைப் பல பேராக உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தக் காட்சியை இன்று நம் மாவட்டத்தில் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய டி.வி.யில் போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் சின்னப்பாவின் முகம் இருக்க வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகத் தெரியும். படம் எடுத்தது 4:3 அளவில், திரை 16:9. இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடந்தால் காசு கொடுத்த இடம் வீணாகிறதே என்று யாரோ ரிமோட்டை எடுத்துத் திரை முழுக்க இழுத்துவிட்டிருப்பார்கள்.

விலை கூடினால் படம் தானாக நன்றாகத் தெரியும் என்று நம்புகிறோம். அப்படி நடப்பதில்லை. எந்த வீடு, எவ்வளவு வெளிச்சம், யார் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், கரண்ட் எப்படி வருகிறது என்ற ஐந்தும் தெரியாமல் வாங்கிய டி.வி., எத்தனை லட்சமானாலும் பாதிப் பயன்தான் தரும். சினிமாவுக்கும் கேமுக்கும் என்றே பெரிய டி.வி. வாங்கப் போகிறவர்கள் இந்த மாவட்டத்தில் கூடிக்கொண்டிருப்பதால் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கூடுவதற்குக் காரணம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி சேர்க்காமல் ஒரு லட்சம் என்றிருந்த டி.வி.க்கு 28 ஆயிரம் வரி கட்டிய இடத்தில் இப்போது 18 ஆயிரம். அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி 2006-க்குப் பிறகு வந்திறங்கிய அதே வீடுகளில் இன்று 55, 65 அங்குலம் என்று பேசுகிறார்கள். அதற்கும் முன்னால், 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பிடிக்க நம் கடற்கரைப் பக்கம் உயரமான ஆன்டெனா நட்ட தலைமுறை ஒன்று உண்டு. புள்ளி புள்ளியாகத் தெரிந்த படத்துக்கே ஊர் கூடி உட்கார்ந்தது.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறவர்கள் திரும்பும்போது டி.வி. பெட்டியைத் திருச்சி விமான நிலையத்தில் இறக்கிய காலமும் இருந்தது. 2013 ஆகஸ்டில் தட்டை டி.வி.க்களுக்குத் தீர்வை இல்லாமல் கொண்டுவரும் சலுகையை அரசு எடுத்ததும் அந்தப் பழக்கம் தேய்ந்தது. இப்போதும் யாராவது ‘துபாயில் விலை கம்மி’ என்றால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பேனல் போனால் இங்கே எவன் வாரன்டி தருவான்? அங்கே வாங்கியதற்கு இங்கே பெரும்பாலும் வாரன்டி கிடையாது.

முதலில் அறையைப் பாருங்கள்

இன்றைக்கு உயர்விலை டி.வி. என்றால் இரண்டு வகை. ஒன்று ஓலெட். இதில் திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். அணைந்த இடம் முழுக் கறுப்பு. மற்றது மினி எல்.இ.டி. இது எல்.சி.டி. வகைதான், பின்னால் ஆயிரக்கணக்கான குட்டி விளக்குகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தேவையான இடத்தில் ஏற்றியும் இறக்கியும் படம் காட்டும். 2019-ல் டி.சி.எல். நிறுவனம் இதை முதலில் டி.வி.யில் கொண்டுவந்தது. க்யூலெட் என்று பெட்டியில் எழுதியிருப்பது ஓலெட் அல்ல. அதுவும் எல்.சி.டி.தான், நிறத்துக்காகக் குவான்டம் டாட் படலம் சேர்த்தது. கடையில் அவசரத்தில் இந்த இரண்டும் மாறிப்போய்விடுகிறது. பில் போடும் முன் மாடல் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இருட்டைக் காட்டுவதில் ஓலெட்டுக்கு ஈடில்லை. ‘கைதி’ (2019) படம் முழுக்க ஒரே இரவில் நடக்கிறது. லாரியின் முகப்பு விளக்கும் சுற்றிலும் இருட்டும்தான் அந்தப் படத்தின் உலகம். ஓலெட்டில் விளக்கு விளக்காகவும், பக்கத்து இருட்டு இருட்டாகவும் நிற்கும். சுமாரான எல்.சி.டி.யில் விளக்கைச் சுற்றிப் பனிமூட்டம் போல ஒரு வெளிறல் படரும், இருட்டே சாம்பலாகிவிடும். நல்ல மினி எல்.இ.டி.யில் இந்த வெளிறல் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பி.சி.ஸ்ரீராமுக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கித் தந்த ‘நாயகன்’ (1987) படத்தை இருட்டறையில் ஓலெட்டில் பார்த்தவர்கள் திரும்பவும் சாதா டி.வி.க்குப் போக மாட்டார்கள். பாதி முகத்தை நிழலுக்குக் கொடுத்துவிட்டு மீதி முகத்தில் கதை சொன்ன படம் அது. நிழல் வெளிறினால் அந்த உழைப்பே தெரியாமல் போய்விடும்.

இதெல்லாம் இருட்டறைக்கு. நம் வீடுகள் எப்படி இருக்கின்றன? ராயவரம், கடியாபட்டி, அரிமளம் பக்கத்து நகரத்தார் வீடுகளில் வளவு முற்றத்தின் வழியாக நாள் முழுக்க வெயில் உள்ளே இறங்குகிறது. புதிதாகக் கட்டிய வீடுகளில் வெள்ளைச் சுவர், பளபளக்கும் டைல்ஸ், எதிரெதிர் ஜன்னல், பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும் வாசக்கதவு. ஏப்ரல், மே மாதத்துப் புதுக்கோட்டை வெயில் ஹாலுக்குள் எதிரொளித்தால் எந்த ஓலெட்டும் திணறும். திரை முழுக்கப் பிரகாசமான காட்சி வந்தால் ஓலெட் தன் ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும். சூட்டையும் மின்சாரத்தையும் கட்டுக்குள் வைக்க அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். க்யூடி-ஓலெட் என்ற வகையில் வெளிச்சம் பட்டால் கறுப்பே லேசாக ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். அதனால் பகலில், திறந்த ஹாலில் பார்க்கிற வீட்டுக்கு மினி எல்.இ.டி.தான் சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கதவைச் சாத்தித் திரைச்சீலை போட முடிகிற தனி அறையும், இரவு ஒன்பது மணிக்கு மேல் படம் பார்க்கிற பழக்கமும் இருந்தால் ஓலெட் வாங்குங்கள்.

இன்னொன்றையும் கடைகளில் யாரும் கேட்பதில்லை. வீட்டில் எப்படி உட்கார்ந்து பார்க்கிறீர்கள்? சோபாவில் நேராக இரண்டு பேர், பாயில் நான்கு பேர், சமையல்கட்டு வாசலில் நின்றபடி ஒருவர் என்பதுதான் பல வீடுகளின் நிலவரம். மினி எல்.இ.டி.யில் பெரும்பாலும் வருகிற வி.ஏ. வகைப் பேனலை ஓரத்திலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் வெளுக்கும். அதிலும் ஷோகேஸுக்கு மேலே, ஆறடி உயரத்தில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தால் கழுத்தும் வலிக்கும், படமும் கெடும். ஓலெட்டுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. எந்த வகையானாலும், உட்கார்ந்த நிலையில் கண் மட்டம் திரையின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே வருகிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, 65 அங்குல டி.வி.யின் அகலம் 144 செ.மீ., அதாவது நாலே முக்கால் அடி. திரையரங்கின் நடுவரிசையில் கிடைக்கிற நிறைவு வீட்டில் வேண்டுமென்றால் இதை ஆறரை அடியிலிருந்து ஒன்பது அடிக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 55 அங்குலத்துக்கு ஐந்தரையிலிருந்து ஏழரை அடி. டேப் பிடித்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ‘ராஜராஜ சோழன்’ (1973) தொடங்கித் தமிழில் வந்த சினிமாஸ்கோப் படங்களுக்கு 65 அங்குலத் திரையில் மேலும் கீழும் ஏறக்குறைய பத்து செ.மீ. கறுப்பு விழும். அது கோளாறு அல்ல, படத்தின் வடிவமே அதுதான். ஓலெட்டில் அந்தப் பட்டை இருட்டோடு கலந்து கண்ணுக்கே தெரியாது.

பகல் முழுக்க ஓடுவது எது?

பையன் கேட்பதோ அண்ணன் கேட்பதோ ஓலெட். ஆனால் காலை ஆறு மணிக்கு அப்பா செய்தியைப் போடுவார். மதியத்திலிருந்து ராத்திரி வரை சீரியல். சேனல் முத்திரை ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். கீழே சிவப்புப் பட்டையில் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். ஓலெட்டுக்கு ஆகாத வேலை இதுதான். ஒரே இடத்தில் ஒரே பிரகாசமான உருவம் மாதக்கணக்கில் நின்றால், அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்து நிழலாகத் தழும்பு விழும். கனடாவின் ஆர்டிங்ஸ் என்ற சோதனை நிறுவனம் 2018-ல் ஒரே மாடல் எல்.ஜி. ஓலெட் டி.வி.க்கள் ஆறை வாங்கி, நாளுக்கு இருபது மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தது. சி.என்.என். செய்தி ஓடிய டி.வி.க்களில் தழும்பு விழுந்தது. ‘கால் ஆஃப் டியூட்டி’ கேம் ஓடியதில் கண்ணுக்குத் தெரிகிற அளவு எதுவும் விழவில்லை. அந்த கேமைவிடச் செய்திச் சேனல்தான் ஓலெட்டுக்குப் பகை என்பது அந்தச் சோதனையில் தெளிவாகத் தெரிந்தது. அதன் பிறகு பேனல்கள் நிறையத் தேறிவிட்டன. ஆனாலும் செய்தி ஓடுகிற வீட்டுக்கு நான் ஓலெட் சொல்ல மாட்டேன். இந்தத் தழும்பைச் சாதாரண வாரன்டி பெரும்பாலும் ஏற்பதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும்; வாரன்டி அட்டையை வாங்கிப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள்.

சீரியல் பார்க்கிறவர்களுக்கு வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. கேபிளில் வருகிற சாதா தரச் சேனலில் ஒரு சட்டகத்துக்கு 720-க்கு 576, அதாவது சுமார் நான்கு லட்சம் புள்ளிகள். 4கே டி.வி.யில் எண்பத்து மூன்று லட்சம். இருபது புள்ளியில் பத்தொன்பதை டி.வி. தானே ஊகித்து நிரப்ப வேண்டும். ‘பழைய டி.வி.யிலேயே நல்லாத் தெரிஞ்சுதே தம்பி’ என்று அம்மா சொல்வது உண்மைதான். அரசு கேபிளோ தனியார் டிஷ்ஷோ, எச்.டி. பெட்டிக்கும் எச்.டி. சேனலுக்கும் மாறாமல் பெரிய டி.வி. வாங்காதீர்கள். ஊகித்து நிரப்புகிற வேலையில் நல்ல பிராசசருக்கும் மட்டமான பிராசசருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. இதில் சோனி பல வருடங்களாக முன்னால் நிற்கிறது. கேபிள் அதிகம் ஓடுகிற வீட்டுக்குச் சோனியின் மினி எல்.இ.டி. நல்ல தேர்வு.

ஓ.டி.டி.யில் 4கே வேண்டுமென்றால் நெட்ஃப்ளிக்ஸ் குறைந்தது 15 எம்.பி.பி.எஸ். வேகம் கேட்கிறது; அதோடு 4கே தருகிற பிரீமியம் திட்டமும் எடுத்திருக்க வேண்டும். ஃபைபர் வந்துவிட்ட ஊர்களில் வேகம் பிரச்சினையில்லை. செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி 65 அங்குலம் வாங்கினால் ராத்திரி எட்டு மணிக்குப் படம் மங்கும். ஒளியையும் நிறத்தையும் காட்சிக்குக் காட்சி சரிசெய்கிற டால்பி விஷன் வேண்டுமென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: சாம்சங் டி.வி. எதிலும் அது கிடையாது, அவர்கள் அதே வேலையைச் செய்கிற எச்.டி.ஆர்.10 பிளஸ் பக்கம். நெட்ஃப்ளிக்ஸும் 2025-ல் எச்.டி.ஆர்.10 பிளஸ் தரத் தொடங்கிவிட்டதால் அந்தக் குறை முன்புபோல் பெரிதில்லை.

கேமுக்கு மூன்று கேள்வி

பி.எஸ்.5 கேம் பெட்டி இந்தியாவில் 2021 பிப்ரவரியில் வந்தது. இப்போது கீரனூர், ஆலங்குடி பக்கமும் பையன்கள் அதைப் பேசுகிறார்கள். கேம் ஆடுகிறவர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பேனலின் உண்மையான வேகம் 60 ஹெர்ட்ஸா, 120-ஆ என்பது. ‘மோஷன் ரேட் 240’ என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும்; பல சமயம் உள்ளே 60 ஹெர்ட்ஸ் பேனல்தான் இருக்கும். விற்பனையாளர் பதிலோடு நிற்காமல் கம்பெனி இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டு, அங்கேயே நின்று பாருங்கள்.

அடுத்தது, எச்.டி.எம்.ஐ. 2.1 போர்ட் எத்தனை? 4கே படம் நொடிக்கு 120 சட்டகம் ஓட இது வேண்டும். எல்.ஜி.யின் சி வரிசை ஓலெட்டில் நான்கு போர்ட்டுமே 2.1. சோனியின் பல மாடல்களில் இரண்டுதான். அதில் ஒன்றே சவுண்ட்பார் மாட்டுகிற இ-ஆர்க் போர்ட். சவுண்ட்பாரும் மாட்டி, பி.எஸ்.5-உம் கேமிங் கம்ப்யூட்டரும் மாட்ட நினைக்கிறவர் அங்கே மாட்டிக்கொள்வார். இந்தக் கணக்கைப் பணம் கட்டும் முன் போட வேண்டும்.

மூன்றாவது, வி.ஆர்.ஆர். உண்டா? கேம் சில நொடிகளில் வேகம் குறைந்து 70, 80 சட்டகத்துக்கு இறங்கும். திரையும் அதற்கேற்ப வேகத்தை மாற்றிக்கொண்டால் படம் நடுவில் கிழிந்தது போலத் தெரியாது. பி.எஸ்.5-க்கு இந்த வசதி 2022 ஏப்ரலில் வந்தது. 48-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை அது வேலை செய்யும். கேம் மட்டும்தான் என்றால் டால்பி விஷன் இல்லை என்பதற்காக ஒரு டி.வி.யைத் தள்ள வேண்டாம். பி.எஸ்.5 அதை வெளியே அனுப்புவதே இல்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வகைதான் அனுப்புகிறது.

கேம் மோடைப் போடாமல் ஆடினால் பட்டன் அழுத்துவதற்கும் திரையில் அது நடப்பதற்கும் இடையே நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை தாமதம் விழும். கிரிக்கெட் கேமில் பந்து போன பிறகுதான் மட்டை அசையும். கேம் மோடில் நல்ல டி.வி.க்கு அது நொடியில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். ஆயிரம் ரூபாய் ஜாய்ஸ்டிக்கை மாற்றுவதற்கு முன் அந்த மோடை மாற்றிப் பாருங்கள்.

இடியும் நியூட்ரலும்

டி.வி. வாங்குவதற்கான வழிகாட்டிகளில் கரண்ட் பற்றிப் பெரும்பாலும் இருக்காது. ஆனால் நம் மாவட்டத்தில் விலை உயர்ந்த டி.வி.க்களைக் கொல்வது பழுதைவிடக் கரண்ட்தான்.

பெரும்பாலான இன்றைய டி.வி.க்களின் முதுகில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கும். அதனால் லோ வோல்டேஜுக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. ஸ்டெபிலைசர் வாங்குகிற காசு பல வீடுகளில் வீண். பயப்பட வேண்டியது திடீரென ஏறுகிற மின்சாரத்துக்கு. மூன்று ஃபேஸ் வருகிற லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 400 வோல்ட் வரை வரலாம். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுகிற ஊர் நம்முடையது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறியபோது கந்தர்வகோட்டை, கறம்பக்குடி, ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்ததையும், கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததையும் மறக்க முடியுமா? கரண்ட் திரும்ப வருகிற அந்த முதல் நொடிகள்தான் மிக ஆபத்தானவை.

செய்ய வேண்டியது இது. வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். மெயின் போர்டில் மின்னெழுச்சியைத் தாங்கும் எஸ்.பி.டி.யும், வோல்டேஜ் அளவு மீறினால் தானே துண்டிக்கிற கருவியும் வையுங்கள். ஒன்றரை லட்ச ரூபாய் டி.வி.க்கு முன்னால் இது சின்னச் செலவு. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்தும் தெருக் கம்பத்துக் கேபிளிலிருந்தும் வருகிற வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகப் பெட்டிக்குள் இறங்கி, எச்.டி.எம்.ஐ. போர்ட்டைக் கருக்கி, மதர்போர்டுவரை போய்விடும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் வகையாகப் பாருங்கள். பெரிய டி.வி.யும் பி.எஸ்.5-உம் சேர்ந்து முந்நூறு, நானூறு வாட் இழுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கத்துக் கடலோர வீடுகளில் உப்புக்காற்று போர்ட்டுகளை அரிக்கும்; கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே டி.வி.யை மாட்ட வேண்டாம். எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு விஷயம் சர்வீஸ். பேனல் மாற்றுகிற செலவு சில சமயம் புது டி.வி. விலையைத் தொடும். ஆள் புதுக்கோட்டையிலேயே இருக்கிறாரா, திருச்சியிலிருந்து வர வேண்டுமா, எத்தனை நாளில் வருவார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கூடுதல் வாரன்டிக்குப் பணம் செலவழிப்பதை நான் மற்ற பொருட்களுக்குச் சொல்வதில்லை. இதற்குச் சொல்வேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

கடையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லா டி.வி.யும் ‘விவிட்’ மோடில் பளிச்சென்று நிற்கும். அந்த மோடில் வெள்ளை நீலமாகும், முகம் செம்மண்ணாகும். வீட்டுக்கு வந்ததும் ‘ஃபிலிம்மேக்கர்’ அல்லது ‘சினிமா’ மோடுக்கு மாற்றுங்கள். முதல் நாள் மஞ்சளாக, மங்கலாகத் தெரியும். இரண்டு படம் பார்த்தால் கண் பழகிவிடும். படத்தை முடித்துக் கொடுத்த ஒளிப்பதிவாளரும் வண்ணக் கலைஞரும் பார்த்த நிறம் அதற்குத்தான் நெருக்கம்.

சினிமா நொடிக்கு 24 சட்டகத்தில் எடுக்கப்படுகிறது. டி.வி. நடுவில் இல்லாத சட்டகங்களைத் தானே செய்து செருகினால், கோடிக்கணக்கில் செலவழித்த படமும் சீரியல் ஷூட்டிங் போலத் தெரியும். 2018 டிசம்பரில் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து, இந்த வசதியை அணைத்துவிடுங்கள் என்று ரசிகர்களைக் கேட்டே ஒரு வீடியோ வெளியிட்டார்கள். மோஷன் ஸ்மூத்திங் என்ற இதற்கு ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று கம்பெனிக்கு ஒரு பெயர். படத்துக்கு அதை அணையுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். பழைய படத்துக்குத் திரை அளவை ‘ஒரிஜினல்’ என்று வைத்துவிடுங்கள். டி.வி. மெலிய மெலிய ஸ்பீக்கரும் சுருங்கிவிட்டதால், 65-லிருந்து 77-க்குப் போகிற பணத்தில் ஒரு பகுதியை நல்ல சவுண்ட்பாருக்கு ஒதுக்குவது மேல். வசனம் புரியாமல் பார்க்கிற பெரிய படத்தைவிட, இளையராஜா காதில் சரியாக விழுகிற சின்னப் படம் எனக்கு உசத்தி.

என் தீர்ப்பைக் கேட்டால், வீட்டில் எல்லோரும் பார்க்கிற ஹாலுக்கு 65 அங்குல மினி எல்.இ.டி., 120 ஹெர்ட்ஸ், எச்.டி. கேபிள் பெட்டியோடு. தனி அறையில் இரவில் படமும் கேமும் மட்டும் என்றால் 55 அங்குல ஓலெட்டே போதும். பெரும்பாலும் ஒரு லட்சத்தைத் தாண்டும், தாண்டினாலும் தகும்.

கடைசியாகக் கீழ ராஜ வீதி தொடங்கி அறந்தாங்கி, பொன்னமராவதி வரை டி.வி. விற்கிற கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையின் ஒரு மூலையைக் கறுப்புத் திரை போட்டு மறையுங்கள். அங்கே ஒரு ஓலெட்டையும் ஒரு மினி எல்.இ.டி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாடிக்கையாளர் தன் பென்டிரைவையும் தன் கேம் பெட்டியையும் மாட்டிப் பார்க்க அரை மணி நேரம் விடுங்கள். ஒன்றரை லட்ச ரூபாய் கொடுக்கிறவருக்கு அந்த அரை மணி நேரம் உரிமை.